வெர்ஷன் கன்ட்ரோல் தேர்ந்தெடுத்ததில் நாங்கள் பட்ட பாடு

குமரி மாவட்டப் பேச்சுச் சொற்களைத் தொகுக்கிற ஒரு சின்னத் திட்டம் எங்களுடையது. சொல், பொருள், எந்தத் தாலுகாவில் புழங்குகிறது, ஒரு எடுத்துக்காட்டு வாக்கியம், அவ்வளவுதான் தரவு. அதிலிருந்து எழுத்துப்பிழை திருத்திக்கான பட்டியலை உண்டாக்கித் தரும் பைத்தான் நிரல் கொஞ்சம். அக்கானி, மரச்சீனி, கொல்லாங்கொட்டை, நெத்தோலி என்று தட்டினால் கணினி சிவப்புக் கோடு போடுகிறதே என்ற எரிச்சலில் 2010-இல் தொடங்கியது. முதல் நாளிலிருந்தே கட்டற்ற உரிமம்தான், யாரும் எடுக்கலாம், யாரும் திருத்தலாம். யார், எப்போது, எதை மாற்றினார் என்ற வரலாற்றைச் சேமித்து வைக்கும் மென்பொருள்தான் வெர்ஷன் கன்ட்ரோல். இத்தனை வருடத்தில் மூன்று வெர்ஷன் கன்ட்ரோல் மாறிவிட்டோம்: சப்வெர்ஷன், மெர்குரியல், இப்போது கிட். எதை எடுப்பது என்று கேட்கிறவர்களிடம் "கிட்" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போகலாம்தான், ஆனால் நான் அதற்கு வந்து சேர்ந்த வழி வேறு. அதை எழுதினால் யாருக்காவது ஒரு மாத அலைச்சல் மிஞ்சும்.

ஆட்களைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கதை முழுக்க அவர்கள்தான். நான் தக்கலை. நிரல் வேலை எனக்கும் மார்த்தாண்டத்தில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்த நண்பனுக்கும். சொற்களில் பெரும்பகுதி கருங்கல்லில் இருக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரிடமிருந்து வந்தது. எழுதும்போது சார், கூப்பிடும்போது சாறே. குளச்சலில் வள்ளக்கார அண்ணன் ஒருவர் மீன், காற்று, வலை பற்றிய சொற்களைத் தருவார். அவருக்குக் கணினி வேண்டாம், அதற்கு நேரமும் இல்லை.

தொடக்கத்தில் ஒரு எக்ஸல் கோப்பு, நான்கு ஷீட்: விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம். 1956-இல் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து வந்து சேர்ந்த நான்கு தாலுகாக்கள். பென்டிரைவில் கைமாறும். "சொல் கடைசி", "சொல் கடைசி புதுசு", "சொல் இதுதான் கடைசி" என்று கோப்புகள் குட்டி போட்டுக்கொண்டே போயின. எந்தக் கடைசி உண்மையான கடைசி என்று நானும் நண்பனும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து ஒப்பிட்ட பிறகுதான் சப்வெர்ஷனுக்குப் போனோம்.

அன்றைக்கு அது சரியான முடிவுதான் என்று இப்போதும் நினைக்கிறேன். அதற்கு முந்திய சிவிஎஸ் என்ற கருவியில் ஒவ்வொரு கோப்புக்கும் தனித்தனி எண், பத்துக் கோப்பை ஏற்றும்போது நடுவில் லைன் போனால் ஐந்து ஏறியிருக்கும், ஐந்து நிற்கும். 2004-இல் 1.0 வந்த சப்வெர்ஷனில் ஏறினால் பத்தும் ஏறும், இல்லையென்றால் ஒன்றும் ஏறாது. மொத்தத் திட்டத்துக்கும் ஒரே வரிசை எண். கோப்பின் மேல் நிறக்குறி காட்டும் டார்ட்டாய்ஸ் எஸ்விஎன் என்ற மென்பொருளைப் போட்டுக் கொடுத்ததும் சார் அரைமணி நேரத்தில் பிடித்துக்கொண்டார். "பச்சை வந்தா சரி, சிவப்பு வந்தா ஒனக்கு போன், அவ்வளவுதானே மக்களே?" அவ்வளவுதான். "214-ல இருந்த மாதிரி ஆக்கு" என்று போனிலேயே சொல்வார். கிட்டில் கமிட்டுக்கு, அதாவது ஒருமுறை பதிந்த மாற்றத்துக்கு, பெயர் எழுத்தும் எண்ணும் கலந்த நாற்பது இலக்க ஹாஷ், முதல் ஏழு இலக்கத்தை மட்டும் எடுத்தாலும் அதைப் போனில் வாசித்துக் காட்ட ஆள் வேண்டும். சப்வெர்ஷனில் எனக்கு இன்றும் ஏக்கம் தருவது அந்த எண்தான்.

பிரச்சினை எக்ஸலில் இருந்தது, நாங்கள் பழியைச் சப்வெர்ஷன் மேல் போட்டோம். எக்ஸல் கோப்பு பைனரி, வரி வரியாக வாசிக்கிற எழுத்துக் கோப்பு அல்ல. இரண்டு பேர் ஒரே நேரத்தில் திருத்தினால் எந்த வெர்ஷன் கன்ட்ரோலும் அதைச் சேர்த்துத் தராது. அதனால் லாக் போட்டு, மற்றவர் தொடமுடியாதபடி வைத்துத் திருத்துவது என்று விதி வைத்தோம். சார் ஒருநாள் லாக் போட்டுவிட்டுத் திருச்சியில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். பத்து நாள். ஏழாவது நாள் நான் லாக்கை உடைத்து என் திருத்தங்களை ஏற்றினேன், அவர் லேப்டாப்பில் அங்கே உட்கார்ந்து நூற்றைம்பது சொல் சேர்த்துக்கொண்டு வந்தார். அந்த வாரம் அவர் என்னிடம் பேசிய தொனியை எழுதவேண்டாம். இன்னொன்று: சப்வெர்ஷன் 1.7 வரும்வரை, அதாவது 2011 அக்டோபர் வரை, ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளும் ஒரு மறைவான நிர்வாக ஃபோல்டர் இருக்கும். சார் ஒரு ஃபோல்டரை காப்பி செய்து இன்னொன்றுக்குள் போட்டால் அதுவும் கூடவே போகும், புது இடத்தில் செய்த திருத்தம் பழைய இடத்தில் போய் ஏறும். ஏன் இப்படி ஆகிறது என்று கண்டுபிடிக்கவே எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

சரி, எக்ஸலை விட்டு சிஎஸ்விக்கு (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) போவோம் என்று முடிவு செய்தோம். நண்பனின் சென்டரில் இருந்த பழைய எக்ஸலில் திறந்து, "சேவ் அஸ் சிஎஸ்வி" கொடுத்து, ஏற்றியும் விட்டான். மறுநாள் காலையில் சார் போன்: "எனக்க சொல்லெல்லாம் எங்கலே?" திறந்து பார்த்தால் 1100 சொல்லும் வரிசையாகக் கேள்விக்குறி. பழைய எக்ஸல் சாதாரண சிஎஸ்வியாகச் சேமிக்கும்போது விண்டோஸின் குறியீட்டுக்குள் அடங்காத எழுத்தையெல்லாம் கேள்விக்குறியாக்கிவிடும், தமிழ் மொத்தமும் போகும். எல்லா மொழி எழுத்தும் அடங்கும் யுடிஎஃப்-8 குறியீட்டில் சிஎஸ்வி என்ற தெரிவு எக்ஸலில் வந்ததே 2016 பதிப்பில்தான். முந்தைய எண்ணுக்குத் திரும்பினோம், ஐந்து நிமிட வேலை. வெர்ஷன் கன்ட்ரோல் எதற்கு என்று அதுவரை கேட்டுக்கொண்டிருந்த சார் அன்றைக்குப் பிறகு கேட்கவில்லை. அப்புறம் லிப்ரே ஆபீஸ்தான், யுடிஎஃப்-8 தான், ஒரு வரிக்கு ஒரு சொல்தான்.

உங்கள் திட்டத்திலும் தமிழ்த் தரவு இருந்தால் கருவியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே கோப்பின் வடிவத்தை முடிவு செய்துவிடுங்கள். சிஸ்டம் எதுவானாலும் ஒப்பிடுவது வரி வரியாக. ஒரு பத்தி முழுவதையும் ஒரே வரியில் எழுதினால் ஒரு ஒற்று விட்டதைத் திருத்தினாலும் பத்தியே மாறியதாகக் காட்டும். புதிய சொல்லை எல்லோரும் கோப்பின் கடைசியில் சேர்த்தால் ஒவ்வொரு முறையும் மோதும். அகர வரிசையில் வைத்தால் திருத்தங்கள் அங்கங்கே சிதறும், மோதல் பெரும்பாலும் வராது. தாலுகா வாரியாக இருந்ததை எழுத்து வாரியாகப் பிரித்ததற்கும் இதுதான் காரணம். ஒரே சொல் கல்குளத்திலும் விளவங்கோட்டிலும் இருந்தால் இரண்டு கோப்பில் இரண்டு பொருளோடு கிடந்தது, இப்போது ஒரு வரியில் இரண்டு தாலுகா.

2015-இல் முதல் அடி. நாங்கள் சப்வெர்ஷனை வைத்திருந்தது ஒரு பெரிய நிறுவனத்தின் இலவசத் தளத்தில், அதை மூடப்போவதாக அறிவித்துவிட்டார்கள். எங்கள் கணினிகளில் இருந்தது அன்றைய நிலை மட்டும்தான், ஐந்து வருட வரலாறு முழுக்க அவர்கள் சர்வரில். நேரம் கொடுத்திருந்தார்கள், அதைக் குறை சொல்லமுடியாது, இறக்கிக்கொண்டோம். ஆனால் ஒவ்வொரு சொல்லின் கீழும் நாங்கள் அந்தத் தளத்தின் இஷ்யூ பக்கத்தில் போட்ட வாக்குவாதம் இருந்ததே, 'வெள்ளம்' என்றால் மேற்கே குடிக்கிற தண்ணீரும்தான் என்று சார் நான்கு பக்கம் எழுதியது போன்றவை, அது வெர்ஷன் கன்ட்ரோலுக்குள் இல்லை. பாதிக்கு மேல் போய்விட்டது. அன்றிலிருந்து ஒரு பழக்கம்: ஒரு சொல்லைப் பற்றிய விவாதம் முடிந்ததும் அதன் சாரத்தை ரெப்போவுக்குள்ளேயே (கோப்புகளும் வரலாறும் சேர்ந்திருக்கும் களஞ்சியம்) ஒரு டெக்ஸ்ட் கோப்பில் எழுதி வைப்பது. தளம் போனாலும் கூடவே வரும்.

இனிமேல் வரலாறு எல்லோர் கையிலும் இருக்கவேண்டும் என்று முடிவாகிவிட்டது. முழு வரலாற்றையும் ஒவ்வொருவர் கணினியிலும் வைக்கிற கருவிகள் பல. கிட்டா, மெர்குரியலா, பசாரா, டார்க்ஸா, ஃபாஸிலா? நாங்கள் இரண்டு பேரும் மாதக்கணக்கில் பேசினோம் (அந்த நேரத்தில் ஐநூறு சொல் சேர்த்திருக்கலாம்). பசாரை உபுண்டுவை வெளியிடும் கனானிக்கல்காரர்கள் வளர்த்தார்கள், ஆனால் ஈமேக்ஸ் என்ற எடிட்டர் திட்டமே 2014-இல் அதைவிட்டு கிட்டுக்குப் போயிருந்தது, வெளியேறுகிற வீட்டில் ஏன் குடியேறவேண்டும் என்று விட்டோம். ஃபாஸில் எனக்கு ரொம்பப் பிடித்தது. எஸ்க்யூலைட் என்ற டேட்டாபேஸை எழுதிய ரிச்சர்ட் ஹிப் உண்டாக்கியது, நிறுவ வேண்டியது ஒரே ஒரு நிரல் கோப்பு, இஷ்யூவும் விக்கியும் வரலாற்றோடு சேர்ந்து ஒரே டேட்டாபேஸ் கோப்பில். எங்களுக்கு அப்போதுதான் பட்ட அடிக்கு அதுவே மருந்து. ஆனால் மாட்டிக்கொண்டால் கேட்க நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்தில் ஒரு ஆள் கிடையாது. அது மட்டும்தான் காரணம்.

கிட்டும் மெர்குரியலும் ஒரே மாதத்தில் பிறந்தவை, 2005 ஏப்ரல். லினக்ஸின் மையமான கெர்னலை எழுதுகிறவர்கள் அதுவரை இலவசமாகப் பயன்படுத்திவந்த பிட்கீப்பர் என்ற வெர்ஷன் கன்ட்ரோலின் அனுமதி பறிபோனதும் லினஸ் டோர்வால்ட்ஸ் கிட்டைத் தொடங்கினார், அதே காரணத்துக்காக இன்னொரு பக்கம் மெர்குரியல். நாங்கள் மெர்குரியலை எடுத்தோம். கட்டளைகள் சப்வெர்ஷன் போலவே இருக்கும், பதிவதற்கு முன் மாற்றங்களைத் தேர்ந்து வைக்கும் ஸ்டேஜிங் என்ற இடைத்திண்ணை இல்லை, வரிசை எண்கூட உண்டு (ஆனால் அது அவரவர் கணினிக்கு மட்டும் பொருந்தும் எண், என் 214-ம் சாரின் 214-ம் வேறு வேறு, இது தெரியாமல் ஒரு வாரம் குழம்பினோம்). அதோடு, பைத்தான் திட்டமே மெர்குரியலில்தானே இருக்கிறது, நமக்கென்ன பயம் என்று நான்தான் வாதாடினேன். சில மாதத்திலேயே பைத்தான்காரர்கள் கிட்டுக்கான தளமான கிட்ஹப்புக்குப் போக முடிவெடுத்தார்கள், 2017 பிப்ரவரியில் போயே போய்விட்டார்கள். நண்பன் இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுவான்.

இருந்தாலும் மெர்குரியல் எங்களை ஒரு பெரிய இடத்தில் காப்பாற்றியது. 2017 நவம்பர் 30, ஒக்கி புயல். எங்கள் தெருவில் கரண்ட் வர இரண்டு வாரம் ஆயிற்று. ரப்பரும் வாழையும் சாய்ந்து கிடந்ததைப் பற்றியோ கடலுக்குப் போனவர்களைப் பற்றியோ இங்கே எழுதப்போவதில்லை, அதற்கு இது இடமல்ல. குளச்சல் அண்ணனிடம் அடுத்த பல மாதம் நாங்கள் சொல் எதுவும் கேட்கவில்லை. சார் வீட்டில் ஓடு பறந்து சிபியூவுக்குள் தண்ணீர் போய் ஹார்டு டிஸ்க் செத்துவிட்டது. அவர் கடைசியாக ஏற்றியதுவரை முழு வரலாறும் என் லேப்டாப்பில் இருந்தது, நண்பனிடமும் இருந்தது. ஜெனரேட்டர் ஓடுகிற கடையில் சார்ஜ் போட்டுக்கொண்டு, நெட் இல்லாமலேயே, பழைய வரலாற்றைப் புரட்டி, பதினேழு கமிட் செய்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியாமல்தான். சப்வெர்ஷனாக இருந்தால் என்ன மாற்றினேன் என்று மட்டும் பார்த்திருக்கலாம், பதிவு செய்ய சர்வர் வேண்டும்.

2020-இல் இரண்டாவது அடி. மெர்குரியல் வைத்திருந்த தளம் இனி மெர்குரியல் கிடையாது, கிட் மட்டும்தான் என்றது. இந்த முறை பதற்றமில்லை, வரலாறு எங்கள் கையில். மாற்றித் தரும் கருவியை ஓட்டினால் ஒரு மணி நேரம். ஆட்களின் பெயர்ப் பட்டியல் கோப்பை மட்டும் கவனமாக எழுதுங்கள்: பழைய பயனர் பெயர் இன்னாருடையது, அவருடைய முழுப்பெயர் இது என்று. எங்களுடையதில் சார் மூன்று எழுத்துப்பிழைகளோடு மூன்று மனிதராக இருந்தார். பழைய கமிட் செய்திகளில் "214-ஐத் திருத்தியது" என்று எழுதியிருந்ததெல்லாம் இப்போது எங்கும் போய்ச் சேராத வழிகாட்டிப் பலகை.

கிட்டுக்கு வந்தது பிடித்து வந்ததல்ல, வேறு வழியில்லாமல். வந்த பிறகுதான் ஒன்று தெரிந்தது, அதற்காகவே முதலில் வந்திருக்கலாம் என்று தோன்றியது. கிட்டில் ஒவ்வொரு கமிட்டுக்கும் இரண்டு பெயர்: ஆதர் ஒருவர், கமிட்டர் ஒருவர். லினக்ஸ் கெர்னலில் ஒருவர் எழுதிய பேட்ச், அதாவது திருத்தம், மின்னஞ்சலில் வரும், பராமரிப்பவர் எடுத்துச் சேர்ப்பார், எழுதியவர் வேறு, சேர்த்தவர் வேறு, அதனால் இரண்டு இடம். எங்கள் கதையும் அதேதான். ஒக்கிக்குப் பிறகு சார் புதுக் கணினி வாங்கவில்லை, வாட்ஸப்பில் வாய்ஸ் அனுப்புவார், நோட்டுப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புவார். நாகர்கோவிலில் படிக்கிற இரண்டு பிள்ளைகள் அதைத் தட்டி ஏற்றுவார்கள். சப்வெர்ஷனில் ஏற்றியவர் பெயர்தான் நிற்கும். மெர்குரியலில் வேறு பெயர் கொடுக்கலாம், ஆனால் இடம் ஒன்றுதான், ஒருவரைப் போட்டால் மற்றவர் மறைவார். கிட்டில் ஆதர் என்ற தெரிவில் சார் பெயர், கமிட்டர் தானாகவே அந்தப் பிள்ளை. யாருடைய பங்கு எவ்வளவு என்று ஷார்ட்லாக் என்ற கட்டளையைப் போட்டுப் பார்த்தால் முதலிடத்தில் வாழ்நாளில் கிட் என்று தட்டியே பார்க்காத சார், மூன்றாவது இடத்தில் குளச்சல் அண்ணன், கச்சான், கொண்டல், வாடை என்ற காற்றுப் பெயர்கள் எல்லாம் அவர் கணக்கில்.

ஆகவே கருவிகளை ஒப்பிடும் அட்டவணையில் நான் சேர்க்கச் சொல்லும் வரி இதுதான்: உங்கள் திட்டத்தில் இந்தக் கருவியைத் தொடவே போகாதவர் யார், அவர் தருவது அவர் பெயரில் எப்படி உள்ளே வரும்? மெர்ஜ் (இரண்டு பேர் திருத்தத்தை ஒன்றுசேர்ப்பது) எவ்வளவு வேகம், பிராஞ்ச் (தனிக் கிளையில் வேலை செய்வது) எவ்வளவு மலிவு என்பதெல்லாம் எங்கள் அளவுத் திட்டத்துக்கு ஒரு பொருட்டே இல்லை.

கிட்டில் தமிழுக்கென்று சில்லறைத் தொல்லைகள் உண்டு. 'க' என்று கோப்புக்குப் பெயர் வைத்தால் ஸ்டேட்டஸ் கேட்கும்போது \340\256\225 என்று காட்டும். வைரஸ் வந்துவிட்டது என்று ஒரு பிள்ளை இரவு பதினொரு மணிக்குப் போன் செய்தாள். கோர் கோட்பாத் (core.quotepath) என்ற அமைப்பை ஃபால்ஸ் ஆக்கினால் 'க' 'க'வாகவே தெரியும். விண்டோஸில் திருத்தினால் வரிமுடிவுக் குறி மாறி ஒரு சொல் திருத்தியதற்குக் கோப்பு முழுவதும் சிவப்பும் பச்சையுமாக வரும், கிட்ஆட்ரிபியூட்ஸ் கோப்பில் வரிமுடிவை எல்எஃப் என்று ஒருமுறை எழுதி ரெப்போவில் போட்டால் எல்லோருக்கும் சரியாகும். மோசமானது ஒகர ஓகாரம்: 'கொ' என்பதைக் கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடாகவும் எழுதலாம், இரண்டும் சேர்ந்த ஒரே குறியீடாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுதான், கிட்டுக்கு இரண்டு. கொல்லாங்கொட்டை எங்கள் பட்டியலில் இரண்டு முறை இருந்தது, மாற்றமே தெரியாத மாற்றங்களாக டிஃப் (எது மாறியது என்று காட்டும் பட்டியல்) நிறைந்தது. ஏற்றுவதற்கு முன் எல்லாவற்றையும் ஒரே குறியீடாகச் சேர்க்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்ற ஒரு ஹூக் (தானாக ஓடும் சிறு நிரல்) எழுதினேன். யாராவது க்ளோன் செய்தால், அதாவது ரெப்போவை முழுதாகப் பிரதி எடுத்தால், ஹூக் அதனோடு போகாது என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது, என் கணினியில் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது! இப்போது சோதனையைத் தளத்தின் பக்கம் வைத்திருக்கிறோம்.

இரண்டு தப்புகளை மட்டும் சொல்லிவிடுகிறேன், இரண்டும் என் மேற்பார்வையில் நடந்தவை. உச்சரிப்புக்காகச் சார் பேசிய ஒலிப்பதிவுகளை அப்படியே ரெப்போவில் ஏற்றவிட்டேன். 600 எம்பி தாண்டியது. பேச்சிப்பாறை பக்கத்திலிருந்து ஒரு பெண் சேர விரும்பினாள், அங்கே மொபைல் சிக்னல்தான், க்ளோன் பாதியில் அறுந்தால் கிட் விட்ட இடத்திலிருந்து தொடராது, முதலிலிருந்து. நான்கு முறை முயன்று விட்டுவிட்டாள். கோப்பை அழித்தால் மட்டும் பயனில்லை, வரலாற்றில் அது இருந்துகொண்டே இருக்கும். கடைசியில் கிட் பண்டில் என்ற கட்டளையால் முழு ரெப்போவையும் ஒற்றைக் கோப்பாக்கி, பென்டிரைவில் போட்டு, குலசேகரம் பஸ்ஸில் வந்த அவள் தம்பியிடம் கொடுத்தனுப்பினோம். அதிலிருந்து அப்படியே க்ளோன் செய்யலாம், பிறகு வரும் புதியதை மட்டும் நெட்டில் இழுத்தால் போதும். ஒலிக்கோப்புகளை இன்டர்நெட் ஆர்க்கைவுக்கு மாற்றி, ரெப்போவில் முகவரி மட்டும் வைத்தோம்.

அடுத்தது இதைவிடச் சங்கடமானது. சொல் தந்தவர் விவரம் என்ற இடத்தில் ஒரு பிள்ளை குளச்சல் அண்ணனின் போன் நம்பரைப் போட்டு ஏற்றிவிட்டது, நான் கவனிக்காமல் மெர்ஜ் செய்துவிட்டேன். மூன்று வாரம் கழித்து யாரோ எங்கிருந்தோ கூப்பிட்டு அவரிடம் ஆராய்ச்சிக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். "நம்பர் எப்படி மக்கா வெளிய போச்சு?" என்று அவர் கோபமில்லாமல்தான் கேட்டார். ஃபில்டர் ரெப்போ என்ற கருவியால் வரலாற்றையே திருத்தி எழுதினோம். அதற்குப் பின் வந்த கமிட் எல்லாவற்றுக்கும் ஹாஷ் மாறும், எல்லோரும் பழைய பிரதியை விட்டுவிட்டுப் புதிதாக க்ளோன் செய்யவேண்டும், ஒருவர் மறந்து பழையதிலிருந்து புஷ் செய்தாலும் (தளத்துக்கு அனுப்பினாலும்) நம்பர் திரும்ப வந்துவிடும். வந்தது, ஒருமுறை. தளத்தில் பழைய கமிட்டின் முகவரி தெரிந்தவருக்கு அது தெரிந்துகொண்டே இருந்தது, உதவிப் பிரிவுக்கு எழுதித்தான் நீக்கினோம். எல்லோர் கையிலும் வரலாறு என்பதன் மறுபக்கம் இது. இப்போது சொல் தருகிறவர்களுக்குப் பெயரும் ஊரும் மட்டும், மின்னஞ்சல் இடத்தில் எங்கேயும் போய்ச் சேராத ஒரு பொது முகவரி. பெயரே வேண்டாம் என்றால் ஊர் மட்டும்.

இப்போது ரெப்போ கிட்ஹப்பில் இருக்கிறது, ஒரு பிரதி கோட்பெர்க் என்ற இன்னொரு தளத்திலும் இருக்கிறது, ஒரே புஷ்ஷில் இரண்டுக்கும் போகும்படி ரிமோட் (அனுப்பும் முகவரி) அமைத்திருக்கிறேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பண்டில் எடுத்து, சரிபார்த்து, பென்டிரைவில் போட்டுச் சாரிடம் கொடுக்கிறோம். அவரிடம் அதைத் திறந்து பார்க்கக் கணினி கிடையாது. ஓட்டு வீட்டை மாற்றிக் கான்கிரீட் போட்டுவிட்டார், அதனால் அங்கேதான் வைக்கவேண்டும் என்பது அவர் முடிவு.